வெறும் பாத்தி

பக்கத்து வீட்டுக்காரர் மாடி எடுத்துக் கட்டினால் வயிறு எரிவது உலக வழக்கம். கூட வேலை பார்ப்பவருக்கு ஐம்பது வயதிலும் தலைமுடி கொட்டவில்லையே என்று ஆற்றாமைப்படுகிறவர்கள்கூட உண்டு, அதையும் மன்னித்துவிடலாம். ஆனால் இருபதடி நீளம், பத்தடி அகலம், ஒரு புல்கூடத் தலைகாட்டாத வெறும் மண்ணைப் பார்த்து நாற்பது நாள் நிம்மதி இழந்த மனிதர் ஒருவர்தான் இருந்திருப்பார். நகரசபைப் பூங்காவின் தோட்டக்காரர் அவர். அந்த மண்ணுக்குப் பொறுப்பு அவருடைய மனைவி.

பூங்காவில் அவருக்கு ரோஜாக்காரர் என்று பெயர். இருபத்துநான்கு வயதில் வேலைக்குச் சேர்ந்து, இரண்டாம் வருடமே வாசலுக்கு நேரே இருந்த வட்டப் பாத்தி முழுவதையும் ரோஜாவால் நிரப்பியவர். காய்ந்த குச்சியை அவர் தொட்டுக் கொடுத்தால் போதும், துளிர்த்துவிடும் என்று நடைப்பயிற்சிக்கு வருகிறவர்கள் பேசிக்கொள்வார்கள். வீட்டுத் தொட்டியில் செடி வாடினால் தொட்டியோடு தூக்கிக்கொண்டு அவரிடம் வருவார்கள். அவர் டாக்டர் மாதிரி இலையைப் புரட்டிப் பார்த்து, "ம்ம்" என்பார். அந்த ஒரு "ம்ம்"முக்கே பாதிச் செடிகள் பிழைத்துக்கொண்டதாகக் கேள்வி. கைராசி என்றால் அவருடைய கைதான், அந்த வார்த்தைக்கு வேறு சொந்தக்காரர் இருக்க முடியும் என்று அவர் நினைத்ததே இல்லை.

மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் மனைவியும் அதே பூங்காவில் துப்புரவு வேலைக்குச் சேர்ந்தாள். அவர் பூக்க வைப்பார், உதிர்ந்ததை அவள் பெருக்கி அள்ளுவாள். பதினைந்து வருடமாக இது நல்ல ஏற்பாடு என்றே அவர் நம்பிக்கொண்டிருந்தார். அவளுக்கு எப்படி என்று கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றியதும் இல்லை.

மூன்றாவது வருடமும் மழை ஏமாற்றியது. குடிக்கிற தண்ணீருக்கே லாரியை எதிர்பார்த்து ஜனங்கள் குடத்தோடு நிற்கும்போது ரோஜாவுக்கு யார் தண்ணீர் விடுவார்கள்? செடிகள் ஒவ்வொன்றாகக் கருகின. கடைசியில் அவரே மண்வெட்டியை எடுத்து அத்தனையையும் பிடுங்கிப் போட்டார். அன்று தூக்குச் சட்டியில் கொண்டுபோன சாப்பாடு அப்படியே வீட்டுக்குத் திரும்பி வந்தது.

அதே மாதம் பழைய மேஸ்திரி ஓய்வு பெற்றார். மேஸ்திரி அறை என்பது எட்டுக்கு எட்டு. ஒரு மேஜை, கை வைத்த நாற்காலி, கடகடவென்று சத்தம் போடும் மின்விசிறி, மண்வெட்டி மாட்டுவதற்குச் சுவரில் ஏழெட்டு ஆணிகள். அந்த நாற்காலியில் உட்காருவதற்காக ரோஜாக்காரர் இருபத்திரண்டு வருடம் வெயிலில் நின்றிருக்கிறார். மோட்டார் அறைச் சாவி ஏற்கெனவே அவர் இடுப்புக் கயிற்றில் தொங்கியது. நாற்காலியும் தானாக வந்துவிடும் என்றுதான் இருந்தார்.

வந்தது வேறு. பூங்காவுக்குப் புதிதாகப் பொறுப்பேற்ற கண்காணிப்பாளர், முப்பது வயதுக்காரர், எல்லோரையும் மரத்தடியில் கூட்டி நிறுத்தி, இரண்டு துணிப் பைகளை எடுத்துக் காட்டினார்.

"இது பாலைவனத்துல தானா முளைக்கிற பூச்செடிங்களோட விதை. தண்ணி அதிகம் கேட்காது. வாசல் பக்கத்துல ரெண்டு பாத்தி ஒதுக்கியிருக்கேன். யார் பாத்தி நல்லா பூக்குதோ அவங்கதான் அடுத்த மேஸ்திரி. ஒண்ணு ரோஜாக்காரருக்கு. இன்னொண்ணு யார் எடுத்துக்கிறீங்க?"

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். ரோஜாக்காரரோடு போட்டி போட்டு மூக்குடைபட யாருக்குத் தலையெழுத்து?

"நான் எடுத்துக்கறேன் சார்."

பின்னாலிருந்து குரல் வந்தது. கை உயர்ந்திருந்தது. கையில் துடைப்பம் இருந்தது. ரோஜாக்காரர் திரும்பிப் பார்த்து முதலில் சிரித்துவிட்டார், விளையாட்டு என்று நினைத்து. அவள் சிரிக்கவில்லை.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக ஆரம்பித்தார்.

"எதுக்குக் கை தூக்கின?"

"சும்மாதாங்க. போட்டுப் பார்க்கலாமேன்னு."

"விதை போட்டுப் பழக்கம் உண்டா உனக்கு?"

"இல்லீங்க. அதான் தாள்ல எல்லாம் எழுதியிருக்காங்களே."

விதைப் பையோடு நாலு பக்கத் தாள் ஒன்று ஆளுக்கொன்று கொடுத்திருந்தார்கள். என்ன மண், எப்படித் தூவுவது, எப்போது தண்ணீர் என்று பொடி எழுத்தில் அச்சடித்தது. ரோஜாக்காரர் தன்னுடையதை நாலாக மடித்து, சாப்பாட்டு மேஜையில் ஆடிக்கொண்டிருந்த காலுக்கு அண்டை கொடுத்துவிட்டார். விதை போட அவருக்குக் காகிதமா வேண்டும்? இருபத்திரண்டு வருட அனுபவத்துக்கு அன்று கிடைத்த முதல் பலன், மேஜை ஆடாமல் நின்றது.

அவள் தாளை இரண்டு தடவை படித்தாள். பிறகு விதையைத் தட்டில் கொட்டிப் பிரித்தாள். மூன்று விதம் இருந்தது. ஒன்று வெங்காய விதை போலக் கறுத்துச் சப்பையானது, ஒன்று பஞ்சு ஒட்டியது, மூன்றாவது மிளகு போல உருண்டு, பல்லுக்கும் மசியாதது. பெயர்களெல்லாம் வாயில் நுழையாததால் மஞ்சள், வெள்ளை, ஊதா என்று பூவின் நிறத்தையே பெயராக வைத்துக்கொண்டாள். மரக்கடையிலிருந்து உப்புத்தாள் வாங்கி வந்து, தொலைக்காட்சி பார்த்தபடியே அந்த மிளகு விதைகளை அதன்மேல் போட்டு இன்னொரு உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தாள்.

"என்ன, விதைக்குச் சவரம் பண்றியா?" என்றார் அவர்.

"தோல் ரொம்ப கெட்டியாம். கொஞ்சம் தேய்ச்சாத்தான் தண்ணி உள்ள போகுமாம்."

"ஆமாமா, பாலைவனத்துல ஒட்டகம் உட்கார்ந்து ஒவ்வொண்ணா தேய்ச்சுக் கொடுக்குது."

மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மகள் இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். அம்மாவும் சிரித்தாள். தன் நகைச்சுவை எடுபட்டதில் ரோஜாக்காரருக்குத் திருப்தி.

அவருடைய பாத்தியை அவர் முழங்கை ஆழத்துக்குக் கொத்தினார். இரண்டு தள்ளுவண்டி மக்கிய எரு போட்டுக் கலந்தார். கயிறு கட்டி வரிசை பிடித்து, விரல் ஆழத்தில் ஒவ்வொரு விதையாக ஊன்றி மூடினார். ரோஜாவுக்குச் செய்த மரியாதை அத்தனையும் செய்தார். அவளோ மேல்மண்ணை மட்டும் கிளறிவிட்டு, விதையை மணலோடு கலந்து விசிறினாள். எரு இல்லை, மூடவும் இல்லை. மேலே ஒரு பலகையைப் போட்டு அதன்மேல் ஏறி நடந்து அழுத்தினாள். முடிந்தது அவள் விவசாயம். இதற்கு மேல் இவளைத் தோற்கடிக்க யாரும் மெனக்கெட வேண்டாம் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

தண்ணீருக்கு அளவு வைத்திருந்தார்கள். பாத்திக்கு வாரத்துக்கு இரண்டு பூவாளி, அதற்கு மேல் ஒரு சொட்டு கிடையாது. முதல் வாரமே அவள், "எனக்கு இப்ப வேண்டாங்க. என் பங்கையும் நீங்களே ஊத்திக்கங்க" என்று சொல்லிவிட்டாள். வலிய வந்து கொடுத்தால் வேண்டாம் என்று சொல்ல அவருக்கென்ன பைத்தியமா? நாலு பூவாளித் தண்ணீரையும் பங்கு வைத்துத் தினமும் தன் பாத்திக்குத் தெளித்தார். ஆனால் ஏன் வேண்டாம் என்றாள் என்பது முள்ளாக உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

ஏழாம் நாள் அவருடைய பாத்தி பச்சை கட்டியது. மூன்றாம் வாரம் சாண் உயரம். நடைப்பயிற்சிக்காரர்கள் நின்று பார்த்து, "கைராசிக்காரர்னா சும்மாவா" என்றார்கள். பக்கத்தில் அவளுடைய மண் மொட்டையாகக் கிடந்தது. வேலையாட்கள் அவள் காதுபடவே கேலி பேசினார்கள். அவள் காலையில் வந்து ஒரு தடவை குனிந்து பார்ப்பாள், விழுந்த சருகைப் பொறுக்குவாள், பெருக்கப் போய்விடுவாள். ஜெயித்தாகிவிட்டது. ரோஜாக்காரர் நிம்மதியாக இருந்திருக்க வேண்டிய நேரம்.

கெடுத்தது கண்காணிப்பாளர்தான். ஒருநாள் வந்தார். பச்சைப் பசேல் என்று நின்ற ரோஜாக்காரர் பாத்தியைப் பார்த்து, "பரவாயில்லையே" என்று ஒரு வார்த்தை சொன்னார். பிறகு அந்தப் பக்கம் போய், அவளுடைய வெறும் மண்ணுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். அவளும் உட்கார்ந்தாள். தாளை விரித்து வைத்துக்கொண்டு இருவரும் பேசினார்கள். பேசினார்கள், பேசிக்கொண்டே இருந்தார்கள். அவள் ஏதோ கேட்க, அவர் வானத்தைக் காட்டினார். அவள் தலையாட்டினாள். முழுதாக அரைமணி நேரம்.

ரோஜாக்காரருக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை பற்றிக்கொண்டு வந்தது. முளைத்ததைப் பார்க்க ஒரு வார்த்தை, முளைக்காததைப் பார்க்க அரைமணியா? மண்ணில் என்ன இருக்கிறது என்று இவ்வளவு பேச்சு? அவர் மனைவி யாரிடமும் அப்படிக் கையை ஆட்டி ஆட்டிப் பேசி அவர் பார்த்ததில்லை. பேச அவளுக்கு விஷயம் இருக்கிறது என்பதே அவருக்குச் செய்தி. பொறாமை என்றால் இதுதான் பொறாமை என்று அவருக்கே தெரிந்தது. தெரிந்ததால் குறைந்துவிடவும் இல்லை.

அதற்குப் பிறகு எதைப் பார்த்தாலும் குத்தியது. அவள் கம்மென்று இருந்தால் ஏதோ ரகசியம் வைத்திருக்கிறாள், சிரித்தால் அவரைப் பார்த்துத்தான் சிரிக்கிறாள். மகள் ஒருநாள் பூங்காவுக்கு வந்து அவருடைய பாத்தியைப் பார்த்துவிட்டு, "சூப்பர்ப்பா. கீரை எப்ப பறிக்கலாம்?" என்று கேட்டாள். தமாஷுக்குத்தான் கேட்டாள். ஆனால் அதில் உண்மை இருந்தது. செடிகள் எருவைத் தின்று இடுப்பளவுக்கு இலையாகவே வளர்ந்து நின்றன, பேருக்கு ஒரு மொட்டு கிடையாது. ஐந்தாம் வாரம் இன்னொன்றும் ஆரம்பித்தது. தண்டின் அடியில் கறுத்து, வரிசை வரிசையாகச் சாய்ந்தன. ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தார். வேர் அழுகிக் கொழகொழவென்று வந்தது.

தண்ணீர் அதிகமாகிவிட்டது என்று புரிந்தது. இந்தச் சனியனுக்குத் தண்ணீர்தான் எமன். கூடவே இன்னொன்றும் பளிச்சென்று பிடிபட்டது. அவள் தன் பங்கை வேண்டாம் என்று தள்ளியது இதனால்தான். தெரிந்துதான் கொடுத்திருக்கிறாள்! அவருக்கு முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

அந்தச் சமயம் பார்த்து அவளுடைய அக்கா படியில் சறுக்கிக் காலை உடைத்துக்கொண்டார். அக்காவைக் கவனித்துக்கொள்ள அவள் நாலு நாள் விடுப்புப் போட்டுவிட்டுக் கிளம்பினாள். போகும்போது, "என் பாத்தியை மட்டும் யாரும் மிதிக்காம பார்த்துக்கங்க" என்று அவரிடமே சொல்லிவிட்டுப் போனாள்.

இரண்டாம் நாள் மதியம். சாப்பிட்டுவிட்டு வேலையாட்கள் எல்லோரும் மரத்தடியில் துண்டை விரித்துப் படுத்திருந்தார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. ரோஜாக்காரர் மோட்டார் அறையைத் திறந்தார். சுவரில் சுருட்டி மாட்டியிருந்த நீளக் குழாயை, ரோஜா போனதிலிருந்து யாரும் தொடாததை, எடுத்து மாட்டினார். அவளுடைய பாத்திக்கு இழுத்துக்கொண்டு போய் மோட்டாரைப் போட்டார். இருபது நிமிடம். தண்ணீர் பாத்தியில் நிரம்பிக் குளமாக நின்று, வரப்பைத் தாண்டி அவர் காலை நனைத்தது.

"அழுகட்டும்" என்றார், வாய்விட்டு.

சொன்னபோது சந்தோஷமாகத்தான் இருந்தது. குழாயைச் சுருட்டி மாட்டும்போது யாராவது பார்த்தார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தார். குடிக்கிற தண்ணீருக்கு ஊரே லாரி பின்னால் ஓடுகிறது, இவர் பெண்டாட்டியின் மண்ணை மூழ்கடித்திருக்கிறார். கட்டிய மனைவியின் பாத்தியில் இப்படிச் செய்தவன் உலகத்தில் எவனாவது உண்டா என்று நினைத்ததும் கூசிப் போனார். ஆனால் வடித்துவிட முடியாது. தண்ணீர் உள்ளே இறங்கிவிட்டது. சாயங்காலம் வீட்டுக்குப் போய், சேறு பட்ட பேண்ட்டை அழுக்குக் கூடையில் மற்றத் துணிகளுக்கு அடியில் திணித்தார்.

அவள் திரும்பி வந்தாள். மண் மேலே காய்ந்து, பாளம் பாளமாக வெடித்திருந்தது. அவள் உட்கார்ந்து, கட்டை விரலை ஒரு வெடிப்பில் விட்டு அழுத்திப் பார்த்தாள். இப்போது கத்துவாள், இப்போது வந்து கேட்பாள் என்று ரோஜாக்காரர் கையில் கத்தரிக்கோலோடு காத்திருந்தார், கத்தரிக்க எதிரில் ஒன்றும் இல்லை. அவள் எழுந்து, கையைத் தட்டிவிட்டு, துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். வீட்டிலும் மூச்சு விடவில்லை. துணியைத் துவைத்தாள், காய்ந்ததும் மடித்தாள், அவருடைய பேண்ட்டை வழக்கம்போல அவர் பக்கத்து அலமாரியில் வைத்தாள்.

அவர் தண்ணீர் விட்ட எட்டாம் நாள் காலையில் அவள் பாத்தி முழுக்கப் பச்சைப் புள்ளிகள். மூலை முடுக்கு விடாமல், ஆயிரம் என்றால் ஆயிரம் இருக்கும். இரண்டே இலைகள், ஊசி முனை மாதிரி. ரோஜாக்காரர் வாயில் ஈ போவது தெரியாமல் நின்றார்.

வீட்டுக்குப் போனவர் நேராகச் சாப்பாட்டு மேஜைக்கு அடியில் குனிந்து, காலுக்குக் கொடுத்திருந்த தாளை உருவினார். மேஜை மறுபடி ஆடத் தொடங்கியது. பொடி எழுத்தில், மூன்றாம் பக்கத்தில், அவருக்கென்றே எழுதி வைத்தது போல இருந்தது. இந்த விதைகளின் தோலில் முளைப்பைத் தடுக்கும் சத்து ஒன்று இருக்கிறதாம். சின்னத் தூறலுக்கெல்லாம் ஏமாந்து முளைத்துக் கருகிவிடாமல் இருக்க இயற்கை செய்த ஏற்பாடு. ஒரே ஒரு தடவை பலத்த மழை பெய்து மண் ஊறி அந்தச் சத்து கழுவப்பட்டால்தான் விதை கண்ணைத் திறக்கும். அதற்குப் பிறகு தண்ணீர் குறையக் குறைய நல்லது. தினமும் தெளித்துக்கொண்டே இருந்தாலும் அந்தச் சத்து கரைந்து முளைத்துவிடும், ஆனால் ஈரம் காயாமல் வேர் அழுகிவிடும் என்று அடுத்த வரியே சொன்னது. அவள் அந்த ஒரு மழைக்காகத்தான் காத்திருந்திருக்கிறாள். கண்காணிப்பாளர் வானத்தைக் காட்டியதும் அதற்குத்தான். மழை வரவில்லை. மழை வேலையை யார் பார்த்தது என்று அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

இதைவிடக் கொடுமை ஒரு மனிதனுக்கு வேண்டுமா? அடுத்த ஏழு வாரமும் அவர் தான் செய்த உதவியைத் தானே பார்த்துச் செத்துக்கொண்டிருந்தார். வாரத்துக்கு ஒரு பூவாளி, அதற்கு மேல் அவள் கொடுக்கவில்லை. நெருக்கமாக முளைத்ததை இடையிடையே பிடுங்கிக் கலைத்துவிட்டாள். செடி முழங்காலைத் தாண்டவில்லை, ஆனால் ஒவ்வொரு கிளையிலும் மொட்டு. ஒரு திங்கட்கிழமை முதல் மஞ்சள் விரிந்தது. அந்த வாரக் கடைசிக்குள் வெள்ளையும் ஊதாவும் சேர்ந்து, தார் ரோட்டையும் காய்ந்த புல்லையும் பார்த்துப் பார்த்துப் பூத்துப்போயிருந்த கண்களுக்கு அது நம்ப முடியாத காட்சியாக இருந்தது. பேருந்திலிருந்து இறங்கி வந்து படம் எடுத்தார்கள். மகள் தன் கைப்பேசியில் அந்தப் பாத்தியை முகப்புப் படமாக வைத்துக்கொண்டாள். ஒரு பெரியவர் வாடிய செடியோடு தொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். ரோஜாக்காரர் கை நீட்டினார். பெரியவர் அவரைத் தாண்டிப் போய், "அம்மா, இதைக் கொஞ்சம் பாருங்களேன்" என்றார்.

அவள் இலையைப் புரட்டிப் பார்த்து, "ம்ம்" என்றாள்.

அந்த "ம்ம்" அவருடையது. அதைக்கூட விட்டுவைக்கவில்லை.

கண்காணிப்பாளர் உத்தரவுக் காகிதத்தோடு வந்தார். அதே மரத்தடியில் அதே ஆட்கள் கூடினார்கள். ரோஜாக்காரரின் பாத்தியில் மிச்சமிருந்த இலைக்காடு அதற்குள் மஞ்சளாகிவிட்டது.

"எனக்கு இன்னும் ஒண்ணு புரியல" என்றார் கண்காணிப்பாளர். "மழையே இல்லாம எப்படி முளைச்சுதுன்னு தெரியல. பூமிக்கடியில குழாய் எங்கயாவது கசிஞ்சிருக்கும்னு நினைக்கறேன். எப்படியோ, நாம அம்மாவோட கைராசின்னு வெச்சுக்குவோம்."

எல்லோரும் கை தட்டினார்கள்.

கைராசி என்ற சொல் காதில் விழுந்ததுதான் தாமதம், ரோஜாக்காரருக்குப் புத்தி தடுமாறிவிட்டது. "கசியவும் இல்ல, கைராசியும் இல்ல!" என்று கத்திவிட்டார். "நான் ஊத்தினேன்! மோட்டார் போட்டு, குழாய் மாட்டி, இருபது நிமிஷம் நான் ஊத்தினேன். அதான் முளைச்சுது!"

கை தட்டல் பாதியில் நின்றது. கண்காணிப்பாளர் காகிதத்தைத் தாழ்த்தினார்.

"நீங்களா? தண்ணிக்கு அளவு இருக்குன்னு தெரியாதா? எதுக்கு ஊத்தினீங்க?"

எதுக்கு என்று ஒரு கேள்வி வரும் என்பதை அவர் யோசிக்கவே இல்லை.

"நான்தான் சார் சொன்னேன்" என்றாள் அவர் மனைவி. "ஊருக்குப் போறப்ப, ஒரு தடவை நல்லா ஊறவிடுங்கன்னு நான்தான் சொல்லிட்டுப் போனேன். அவர் மேல தப்பில்லை."

"அப்படின்னா விதியை மீறினது நீங்கன்னு ஆகுதேம்மா. இந்தப் பதவியை நான் எப்படி உங்களுக்குக் கொடுக்கறது?"

"பரவாயில்லைங்க சார்."

ரோஜாக்காரர் அவளைப் பார்த்தார். வாயைப் பொத்திக்கொண்டு இருந்தால் போதும், நாற்காலி அவருக்கு. மின்விசிறி, மேஜை, ஆணிகள், எல்லாம் அவருக்கு. அவள் நின்ற தோரணையைப் பார்த்தார். பூவும் அவளுடையது, பேரும் அவளுடையது, இப்போது விட்டுக்கொடுத்த பெருமையும் அவளுக்கா? நியாயத்துக்காகத்தான் அடுத்த வார்த்தையைச் சொன்னாரா, அவள் தியாகியாவதைப் பொறுக்காமல் சொன்னாரா என்று அவரைக் கேட்டால் அவருக்கே தெரியாது.

"அவ பொய் சொல்றா சார். அவ ஒண்ணும் சொல்லல. அழுகிப் போகட்டும்னுதான் ஊத்தினேன். அவ ஜெயிச்சிடுவான்னு எனக்கு வயித்தெரிச்சல்."

அத்தனை பேர் நடுவில் அதைச் சொல்லிவிட்டு, இடுப்புக் கயிற்றை அவிழ்த்து, மோட்டார் அறைச் சாவியை அவரே அவள் கையில் வைத்தார். கண்காணிப்பாளர் உத்தரவுக் காகிதத்தை அவளிடம் கொடுத்துவிட்டு, அவரிடம் எழுத்தில் விளக்கம் கேட்டார். இரண்டு மாதத்துக்குத் தோட்ட வேலை கிடையாது, பெருக்குகிற வேலை மட்டும் என்றார். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை என்று அவருக்கு இருந்தது.

சாயங்காலம் இருவரும் வீட்டுக்கு நடந்து வந்தார்கள். அவள் டீ போட்டு ஆடும் மேஜையில் வைத்தாள். டீ தளும்பியது.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டார்.

"மூணு வருஷமா மழை இல்ல. உங்க பேண்ட் ஓரத்துல முழங்கால் வரைக்கும் சேறு. துவைக்கிறவளுக்குத் தெரியாதா?"

"அப்பவே கேட்டிருக்கலாம்ல? நான் எவ்வளவு நாள் உள்ளுக்குள்ள செத்தேன் தெரியுமா?"

அவள் சமையல் அலமாரியைத் திறந்து, பின்வரிசையிலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். மூடியைத் திறந்தார். மூன்று வித விதைகள், பாதி டப்பாவுக்கு.

"முதல் தடவை சரியா வரலைன்னா இருக்கட்டும்னு பாதியை எடுத்து வெச்சிருந்தேன்" என்றாள். "நீங்க ஊத்தினதைக் கேட்டிருந்தா பேச்சு வந்திருக்கும். பேச்சு வந்திருந்தா ஒரு தடவை ஊறவிட்டா முளைக்கும்கிற வழி உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும். உங்க பாத்தி அழுகி நிக்குது, விதை இருந்தா கொடுன்னு கேட்டிருப்பீங்க. கேட்டா நான் இல்லேன்னு சொல்ல முடியாது. எனக்குக் கொடுக்க மனசு வரல."

"நீயா?"

"ஏன், நான் மனுஷி இல்லையா? பதினஞ்சு வருஷம் உங்க ரோஜா இதழைப் பெருக்கி அள்ளினேன். நேத்து விழுந்ததை இன்னைக்கு, இன்னைக்கு விழுந்ததை நாளைக்கு. போறவங்க வர்றவங்க எல்லாரும் உங்க கையைப் பார்த்துக் கைராசி கைராசின்னாங்க. என் கையில இருந்த துடைப்பத்தை ஒருத்தரும் பார்க்கல. எனக்கு மட்டும் வயிறு எரியலைன்னா நினைச்சீங்க? ஒருநாள் கோபத்துல நல்லா பூத்திருந்ததுலயே நாலஞ்சை உதறி விட்டுட்டு, காத்துல கொட்டிடுச்சுன்னு சொல்லிப் பெருக்கினேன்."

ரோஜாக்காரர் டீயைக் கீழே வைத்தார். எந்த நாள், எந்த ரோஜா என்று கேட்க வாயெடுத்தார். சிவப்பா, அந்த இளஞ்சிவப்பா? அவருக்குக் கோபம் வர வேண்டும். வராமல், பதினைந்து வருடமாகப் பக்கத்திலேயே ஒருத்தி தன்னைப் போலவே வெந்துகொண்டிருந்திருக்கிறாள் என்ற நினைப்பில் மனசு என்னவோ செய்தது. இவ்வளவு நாள் அவளை ஒரு தடவைகூடக் கேட்கவில்லையே என்று முதல் தடவையாக வெட்கப்பட்டார்.

"நாளைக்கு எங்க பெருக்கணும்?" என்று கேட்டார்.

"என் பாத்தி ஓரமாத்தான். பூ உதிர ஆரம்பிச்சிடுச்சு" என்றாள் மேஸ்திரியம்மா. சொல்லிவிட்டு உப்புத்தாளை இரண்டாகக் கிழித்து ஒரு பாதியை அவரிடம் நீட்டினாள். "இப்ப இதைத் தேயுங்க. உங்க பாத்தியில இலையைப் பிடுங்கிட்டு இதைத்தான் போடப் போறோம். ரொம்ப அழுத்தாதீங்க."

அவர் அன்று உருவி ஜன்னல் ஓரம் போட்டிருந்த தாளை எடுத்து மறுபடி மேஜைக் காலுக்கு வைக்கப் போனவர், நிறுத்தி, விரித்து, முதல் பக்கத்திலிருந்து படித்தார். பிறகு இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து தேய்க்க ஆரம்பித்தார்கள். மேஜை ஆடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து ரோஜாக்காரர் தன் தட்டைப் பார்த்தார். அவளுடைய தட்டைப் பார்த்தார். அவளுடையதில் பத்துப் பதினைந்து விதை அதிகமாக இருப்பது போலப் பட்டது. அவள் கவனிக்கிறாளா என்று பார்த்துக்கொண்டு, வேகமாகத் தேய்த்தார்.